16 ரிஜிஸ்டரில் ஒரு ரிஸ்க்-ஃபைவ்: சிஎச்32வி003 மதிப்புரை

சிஎச்32வி003 என்பது டபிள்யூசிஎச் நிறுவனத்தின் மைக்ரோகன்ட்ரோலர்; ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் (ஒரு சிப்புக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல்) இயங்குகிறது. அந்தத் தொகுப்பில் எதை வெட்டலாம், வெட்டினால் எங்கே வலிக்கும் என்று கையால் தொட்டுப் பார்க்க இதைவிட மலிவான சிப் கிடைப்பது கடினம். மொத்தமாக வாங்கினால் ஒன்று சுமார் 10 அமெரிக்க சென்ட். 48 மெகாஹெர்ட்ஸ், 16 கேபி ஃபிளாஷ், 2 கேபி ரேம்.

இதிலுள்ளது ஆர்வி32இசி: ரிஸ்க்-ஃபைவின் 32 பிட் வடிவம், ‘இ’ என்றால் குறைந்த ரிஜிஸ்டர்கள் (சிப்புக்குள் கணக்குப் போடும் மதிப்புகளை வைக்கும் இடங்கள்), ‘சி’ என்றால் 16 பிட் சுருக்கக் கட்டளைகள். வழக்கமான 32 ரிஜிஸ்டருக்குப் பதில் 16. வெட்டியவர்கள் யோசித்துத்தான் வெட்டியிருக்கிறார்கள்: 16 பிட் சுருக்கக் கட்டளைகள் பெரும்பாலும் எக்ஸ்8 முதல் எக்ஸ்15 வரையிலான எட்டை மட்டுமே தொடும், அந்த எட்டும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் ஃபங்ஷன் அழைப்பைத் தாண்டி மதிப்பைக் காக்கும் எஸ் ரிஜிஸ்டர்கள் 12-லிருந்து 2 ஆகிவிட்டதால், லோக்கல் மாறிகள் அதிகமுள்ள ஃபங்ஷன்கள் ஓயாமல் ஸ்டாக்குக்கு (ரேமில் உள்ள தற்காலிக இடம்) ஓடும். கம்பைலருக்குத் தவறுதலாக 32 ரிஜிஸ்டர் வடிவமான ஆர்வி32ஐ என்று சொன்னால் அது எக்ஸ்16 முதலானவற்றில் கைவைத்து, இல்லாத ரிஜிஸ்டரில் போர்டு நின்றுவிடும். ஏபிஐ, அதாவது ஃபங்ஷன் அழைப்பு விதிமுறை, ஐஎல்பி32இ ஆக இருக்க வேண்டும். கம்பைலர் ஜிசிசி என்றால், அதன் 12-ஆம் பதிப்பு முதல் ஸிசிஎஸ்ஆர் (கட்டுப்பாட்டு ரிஜிஸ்டர்களைத் தொடும் கட்டளைகள்) நீட்சியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பெருக்கல் கட்டளை கிடையாது. 10 போன்ற மாறிலியால் பெருக்கினால் கவலையில்லை, ஷிஃப்ட்டும் கூட்டலுமாகக் கம்பைலரே முடித்துவிடும். இரண்டு மாறிகளைப் பெருக்கினால் ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசியின் லூப்புக்குள் போகும். வகுத்தல் இன்னும் மோசம். எண்ணைத் தசமத்தில் அச்சிட ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு வகுத்தல். ஃப்ளோட் அச்சிடுவதை இந்த 16 கேபியில் மறந்துவிடுங்கள்.

அசெம்பிளி எழுதுவோர் தடுக்கி விழும் இடம், 4095 என்ற எண்ணை ரிஜிஸ்டரில் ஏற்றுவது. மாறிலியைக் கூட்டும் ஆட்ஐ கட்டளையில் அந்த மாறிலிக்கு உள்ள 12 பிட், குறியோடு சேர்த்து −2048 முதல் 2047 வரைதான். எனவே மேல் 20 பிட்டை ஏற்றும் லுய் கட்டளையால் லுய் 1 என்று 4096-ஐ ஏற்றி, −1 கூட்ட வேண்டும்.

எரிச்சலூட்டுவது டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சொந்த நீட்சியான எக்ஸ்டபிள்யூ. பைட், அரைச்சொல் (16 பிட்) அளவில் நினைவகத்திலிருந்து எடுக்கவும் வைக்கவும் உதவும் லோடு-ஸ்டோர் கட்டளைகளுக்கு 16 பிட் வடிவம் தருவது நல்ல யோசனைதான். ஆனால் டபுள் ஃப்ளோட் லோடு-ஸ்டோருக்கு ஒதுக்கிய குறியீடுகளில் அதை உட்கார்த்தியிருக்கிறார்கள். பின்னர் வந்த தர நீட்சியான ஸிசிபி அதே வேலையை வேறு குறியீட்டில் செய்கிறது, இரண்டும் ஒத்துப்போகாது. பொது ஜிசிசிக்கு எக்ஸ்டபிள்யூ தெரியாது. நீண்ட நாள் பராமரிக்க வேண்டிய குறிநிரலில் தவிர்ப்பதே நல்லது.

வாங்குவதானால் 20 பின் வடிவம். 8 பின் வடிவத்தில் புரோகிராமிங் இணைப்பான பிடி1-ம் சீரியல் தரவு அனுப்பும் பிடி5-ம் ஒரே காலில் இருக்கின்றன; சீரியலை இயக்கியதுமே புரோகிராமர் சிப்பைப் பார்க்காது. அப்படி மாட்டினால், டபிள்யூசிஎச்-லிங்க்இ என்ற புரோகிராமர் வழியாகவே மின்சாரம் கொடுத்து, மினிசிலிங்க் என்ற மென்பொருளின் மீட்பு வசதியால் ஃபிளாஷை அழித்தால் மீண்டுவிடும்.