விற்பனைப் பக்கம் செய்து தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை

ஒரே ஒரு பொருளை இணையத்தில் விற்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் பணம் செலுத்தும் பக்கத்தையும் சேர்த்து வடிவமைத்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொன்னது. "ஆர்டர் கொட்டும்" என்றார்கள். கொட்டத்தான் செய்தது. பின்னாலேயே புகாரும் கொட்டியது.

பக்கத்தின் உச்சியில் 'சலுகை முடிய 10 நிமிடம்' என்று ஒரு கடிகாரம் ஓடியது. அப்படியொரு சலுகையை நான் அறிவிக்கவே இல்லை. முன்பு வந்துபோனதை நினைவில் வைக்காத மறைநிலைச் சாளரத்தில் (incognito) திறந்தால் அதே 10 நிமிடம் புதிதாகத் தொடங்கும். 'இப்போது இத்தனை பேர் பார்க்கிறார்கள்' என்ற எண், நிரலைப் பார்த்தால், கணினி இஷ்டத்துக்கு உருட்டிப் போடும் எண். பாராட்டுரை எழுதியிருந்தவர்களில் ஒருவர்கூட என் வாடிக்கையாளர் இல்லை.

இவையாவது கண்ணில் பட்டன. பணம் செலுத்தும் பக்கத்தில் நடந்ததுதான் அயோக்கியத்தனம். 'கூடுதல் பாதுகாப்புத் திட்டம்' என்ற பெட்டியில் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். கைபேசியில் அது திரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். அனுப்பும் கட்டணம் கடைசிப் படியில்தான் தலைகாட்டும். வாங்கியவர்கள் தங்கள் வங்கியில் முறையிட்டார்கள். வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. முறையீடு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என் தலையில் விழுந்தது. முறையீடுகள் பெருகவே, வாங்குவோரின் பணத்தைப் பெற்றுத் தரும் பேமென்ட் கேட்வே எனக்கு வர வேண்டிய தொகையையும் நிறுத்திவைத்தது. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியின் வழியாக வசூலித்த தொகையை வாங்கியவர் திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருக்கிறது. இதே தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியாதாம்!

இவற்றையெல்லாம் நீக்கச் சொன்னேன். "அதுதான் விற்றுக் கொடுக்கிறது" என்றார்கள். அதன்பின் பதிலே இல்லை. நிலுவையைக் கேட்கும் மின்னஞ்சல் மட்டும் தவறாமல் வருகிறது. டொமைனை, அதாவது பக்கத்தின் இணைய முகவரியை, அவர்கள் பெயரில் பதிவு செய்து நிர்வாகிக் கடவுச்சொல்லையும் அவர்களே வைத்திருந்ததால் பக்கத்தில் ஒரு வரியைக்கூட என்னால் மாற்ற முடியவில்லை. வேறு முகவரியில் புதுப் பக்கம் போட்டேன்: விலையும் அனுப்பும் கட்டணமும் மேலேயே, அருகில் திருப்பித்தரும் விதி, கணக்குத் தொடங்காமலே வாங்கும் வசதி. ஆர்டர் குறைவுதான், ஆனால் முறையீடு நின்றுவிட்டது.

யாரிடம் கொடுப்பதானாலும், அவர்கள் முன்பு செய்த பக்கம் ஒன்றைக் கைபேசியில் திறந்து கடைசிப் படிவரை போய்ப் பாருங்கள். முதலில் கண்ட தொகை அங்கே ஏறியிருந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். டொமைன், பணம் வந்து சேரும் கணக்கு, நிர்வாகிக் கடவுச்சொல் எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.