மூன்று குமிழ், பன்னிரண்டு வாட், ஏழு வருடம்

இந்த கிட்டார் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயரை) 2017 அக்டோபரில் செகண்ட் ஹாண்டில் 1,400 டாலருக்கு வாங்கினேன். செய்தவர் பெயர் வேண்டாம். தனி ஆள், மாதத்துக்கு ஒன்றிரண்டு பெட்டிதான் செய்வார், வயரிங் முழுக்கக் கையால். உள்ளே இருப்பது அவர் கண்டுபிடித்த எதுவும் இல்லை, ஃபெண்டர் கம்பெனி 1955 முதல் 1960 வரை செய்த ட்வீட் டீலக்ஸ் என்ற ஆம்ப்பின் 5இ3 சர்க்யூட் அப்படியே. ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6 வால்வு (கண்ணாடிக் குழாய்) இரண்டு, சிக்னலை முதலில் பெருக்கும் சின்ன வால்வுகள் 12ஏஒய்7 ஒன்று, 12ஏஎக்ஸ்7 ஒன்று, ஏசி கரண்ட்டை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு 5ஒய்3, ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். குமிழ் மூன்றே மூன்று: வால்யூம் இரண்டு (கிட்டார் செருகும் இரண்டு சேனலுக்கும் ஒவ்வொன்று), டோன் ஒன்று. ரிவர்ப் (எதிரொலி) கிடையாது, மாஸ்டர் வால்யூம் கிடையாது. "இன்னொருத்தன் வரைந்த சர்க்யூட்டுக்கு எதுக்குடா இவ்வளவு காசு?" என்று நண்பன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

காப்பி என்பதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, ஏனென்றால் இந்தத் தொழிலே அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. மார்ஷல் கம்பெனியின் முதல் ஆம்ப்பான ஜேடிஎம்45 கூட ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்ப்பைப் பிரித்துப் பார்த்துச் செய்ததுதான், அது 1962. மேட்ச்லெஸ் கம்பெனியின் டிசி-30 ஆம்ப்பைக் கேட்டால் பழைய வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பின் பேரன் என்று உடனே தெரியும். ஆம்ப் செய்த டம்பிள் தன் சர்க்யூட்டை யாரும் பார்க்கக் கூடாதென்று மேலே எபாக்ஸி பசையை ஊற்றி மூடி வைத்தார், ஆனால் ஆரம்பமெல்லாம் ஃபெண்டர்தான். நான் இருக்கும் இதே நியூ ஜெர்சியில் ட்ரெயின்ரெக் ஆம்ப்களைச் செய்த கென் ஃபிஷர், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர் வைத்தார். என்னுடையதை என் மனைவி "அந்த சூட்கேஸ்" என்பார். ஒரு வகையில் சரிதான், மேலே ஒட்டியிருக்கும் துணி அந்தக் காலத்துப் பயணப் பெட்டிகளில் வந்த பருத்தித் துணிதான், ட்வீட் என்பது சும்மா வந்து ஒட்டிக்கொண்ட பெயர்.

சத்தத்துக்கு வருவோம். வால்யூம் 3 வரை சுத்தமாக, கொஞ்சம் பழைய வால்வு ரேடியோ மாதிரி கதகதப்பாக இருக்கும். 5-ஐத் தாண்டினால் வேறு ஜீவன். பலமாக ஒரு கார்டு அடித்தால் முதலில் சத்தம் லேசாக உள்வாங்கி, அரை நொடிக்குள் பொங்கி வரும். வாங்கிய புதிதில் இதை என்னவோ மந்திரம் என்று நினைத்திருந்தேன். மந்திரம் ஒன்றும் இல்லை, பவர் சப்ளை திணறுகிறது. 6வி6-கள் திடீரென்று கரண்ட்டை இழுக்கும்போது 5ஒய்3 ஈடுகொடுக்க முடியாமல் வோல்ட்டேஜ் இறங்கி, அப்புறம் மெல்ல ஏறுகிறது. கேத்தோடு பயாஸ் (வால்வு தன் கரண்ட்டைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு) என்பதால் வால்வுகளும் அந்த இழுப்புக்கு ஏற்றாற்போல் தாங்களே தளர்ந்துகொள்கின்றன. நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டுப் பிழையைத் திருத்தும் ஏற்பாடு) இல்லாததால் இதையெல்லாம் யாரும் திருத்துவதில்லை, விரலில் செய்கிற தப்பு உட்பட எல்லாமே வெளியே வந்துவிடும். இன்ஜினியரிங் கண்ணால் பார்த்தால் இது மோசமான ஆம்ப். விரலுக்கு மட்டும் மோசமில்லை.

இரண்டு வால்யூம்களும் ஒன்றையொன்று இழுக்கும், இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. கிட்டார் செருகாத சேனலின் வால்யூமைத் திருப்பினாலும் செருகிய சேனலின் தொனி மாறுகிறது. என் டெலிகாஸ்டர் கிட்டாருக்கு: செருகியது 6, செருகாதது 8, டோன் 5. அதற்கப்புறம் ஆம்ப்பைத் தொடுவதே இல்லை, எல்லாம் கிட்டாரின் வால்யூமிலேயே. 10-இல் வைத்தால் கரகரப்பு, 6-க்கு இறக்கினால் தெளிவு. பாடகர் நீல் யங் தன் டீலக்ஸின் குமிழ்களைத் திருப்புவதற்கென்றே மோட்டார் வைத்த ஒரு பெட்டியை மேலே உட்கார வைத்திருக்கிறார், எனக்கு ஒரு சுண்டுவிரல் போதும்.

என் இன்னொரு கிட்டாரான லெஸ் பாலுடன் கதையே வேறு. தடித்த கம்பிகள் சேறு மாதிரி குழம்பும், ஒரு வால்விலிருந்து அடுத்ததுக்கு சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கப்பாசிட்டர்கள் 0.1 மைக்ரோஃபாரட், பேஸ் முழுவதையும் உள்ளே விட்டுவிடுகின்றன. ரிப்பேர் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து 0.022 ஆக்கினேன், லெஸ் பால் தெளிந்தது, டெலிகாஸ்டர் வற்றிப்போனது. மூன்று மாதத்தில் பழையபடி மாற்றிவிட்டேன். (நீங்களே திறந்து பார்க்கும் ஆசை வந்தால் ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். தெரியாவிட்டால் கை வைக்காதீர்கள்.) அதைவிட நல்ல மாற்றம், 12ஏஒய்7 இருந்த இடத்தில் 12ஏஎக்ஸ்7 போட்டுப் பார்த்துவிட்டு 12ஏஒய்7-க்கே திரும்பியது. பெருக்கம் கிட்டத்தட்ட 100-இலிருந்து 44-க்கு இறங்குகிறது, குமிழ் திருப்ப இடம் கிடைக்கிறது.

செலவுக் கணக்கு: "பழைய ஸ்டாக், புத்தம் புதுசு" என்று ஒருவர் விற்ற 6வி6 ஜோடி இரண்டே மாதத்தில் சீறத் தொடங்கியது, 90 டாலர் போச்சு. இப்போது சாதாரணமாகக் கிடைக்கும் புது வால்வுகள்தான் ஓடுகின்றன, வித்தியாசம் எனக்குக் கேட்கவில்லை. 2020-இல் ஸ்பீக்கரை மாற்றி செலஸ்டியன் ப்ளூ போட்டேன். அதன் சென்சிடிவிட்டி (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு) 100 டெசிபல், முன்னால் இருந்தது 97. மூன்று டெசிபல் என்றால் ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். கொடுத்த காசில் காதுக்கு நேராகக் கேட்டது இதுதான்.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. டிரம்ஸ் பலமாக வாசிப்பவரோடு சுத்தமான தொனி வேண்டுமென்றால் இது ஆகாது, 12 வாட் அதற்குள் கரகரத்துவிடும். வீட்டிலோ அதே 12 வாட் அடுத்த வீட்டுக்காரரை வாசல்வரை வரவழைக்கும். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட்டால் கொஞ்சம் குறைப்பது வரை பரவாயில்லை, மிகவும் இறக்கினால் போர்வைக்குள் வாசிப்பது மாதிரி இருக்கிறது.

அந்தக் காசுக் கேள்விக்குப் பதில் போன வருடம்தான் கிடைத்தது. கேட்ட அதே நண்பன் 5இ3 கிட் (உதிரி பாகங்களின் தொகுப்பு) ஒன்றை வாங்கித் தானே சால்டர் செய்தான், செலவு என்னுடையதில் பாதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தோம். கிட்டார் ஒலிக்கும்போது கண்ணை மூடினால் எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை, பத்து முறையில் பாதி தப்பு. வாசிப்பை நிறுத்தினால் உடனே தெரிந்தது, அவனுடையது ம்ம்ம் என்று இரைந்துகொண்டே இருந்தது. வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயர்களைச் சரியாக முறுக்காமல் சிக்னல் ஒயரை ஒட்டியே ஓட்டியிருந்தான், கிரவுண்ட் இணைப்பு நாலு இடத்தில். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, என்னுடையதைத் திறந்து வைத்து அதில் ஒயர் போகிற வழியைப் பார்த்துப் பார்த்து மாற்றினோம். இரைச்சல் முக்கால்வாசி அடங்கிவிட்டது. மீதி எங்கிருந்து வருகிறது என்று இன்னும் தேடுகிறோம்.