ஜெட்டா, ஏஸா? பழைய கணினியில் ஆக்சஸ் கோப்பைத் திறக்க

விபிஸ்கிரிப்டிலிருந்து (விண்டோஸில் சிறு ஸ்கிரிப்டுகள் எழுதும் மொழி) ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பைத் தொட்டதும் புரொவைடர் (கோப்பைத் திறந்து தரும் இடை மென்பொருள்) கிடைக்கவில்லை என்று பிழை வருகிறதா? பாஸ்வேர்டைக் குடையாதீர்கள், முதலில் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். பழைய புரொவைடரான ஜெட் 4.0 விண்டோஸ் எக்ஸ்பி, 7 இரண்டிலும் கூடவே வருகிறது. ஆனால் அது 32 பிட் மட்டும்தான், அதனால் 64 பிட் விண்டோஸில் ஸ்கிரிப்டை டபுள் கிளிக் செய்தால் ஜெட்டைக் காணாமல் முழிக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்வாவ்64 (SysWOW64) ஃபோல்டரில் உள்ள சிஸ்கிரிப்ட் (cscript, ஸ்கிரிப்டை ஓட்டும் நிரல்) வழியாக ஓட்டினால் சரி. (பெயரில் 64, உள்ளே இருப்பதோ 32. யார் வைத்த பெயரோ!)

அடுத்த புரொவைடரான ஏஸ் 12.0 ஆபிஸ் 2007-உடன் வந்தது. ஏசிசிடிபி (.accdb, ஆக்சஸின் புதிய வகை) கோப்பு என்றால் இதுதான் வழி, ஜெட் திறக்காது. ஏஸின் 2010 பதிப்பில் 64 பிட்டும் உண்டு, ஆனால் 32 பிட் ஆபிஸ் இருக்கும் கணினியில் நிறுவப் போனால் மறுத்துவிடும். வெறும் எம்டிபி (.mdb, ஆக்சஸின் பழைய வகை) என்றால் நான் ஜெட்டோடு நிறுத்திக்கொள்வேன்.