எட்டு வருஷம், ஒரு பிள்ளை, நடுவில் ஓர் ஆப்

போன வாரம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் தே தாரிக் குடிக்கும்போது மச்சான் கேட்டார்: "மாசாமாசம் இலங்கையில ஒரு பிள்ளைக்குக் கட்டுறீங்களே, நானும் சேரலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான், நான் பணம் கட்டும் தொண்டு நிறுவனத்தின் ஆப்பில் அந்தப் பிள்ளையின் புதுக் கடிதம் வந்திருந்தது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2017-ல் மாதம் 70 வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கினேன், இப்போது 85. பணம் பிள்ளையின் கையில் போவதில்லை. அவள் இருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்குமான மாலை வகுப்பு, கண் பரிசோதனை, கொப்பி, சப்பாத்து என்று போகும். இதைச் சேரும்போதே சொன்னார்கள். சிலருக்கு அது ஏமாற்றம், எனக்கில்லை. 1960-ல், அப்போது இங்கே அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடலுக்கு எதிராகக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவர் என் அப்பா. தன் பத்து வெள்ளி எந்த மரத்துக்குப் போனது என்று அவர் கேட்டதே இல்லை.

பலன் உண்டா? புரூஸ் வைடிக்கும் இன்னும் இரண்டு பொருளாதார ஆய்வாளர்களும் இதேபோல் பிள்ளைகளுக்கு ஆதரவாளர் தேடித் தரும் கம்பாஷன் என்ற அமைப்பு ஆதரித்த பிள்ளைகளை ஆறு நாடுகளில், அவர்கள் வளர்ந்த பிறகு தேடிப்போய்ப் பார்த்தார்கள். ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம்வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள் என்று 2013-ல் எழுதினார்கள். அந்த ஆறில் இலங்கை இல்லை. ஆனால் என் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை தேறி, பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரத்துக்குப் படிக்கிறாள், அவள் வீட்டில் அவ்வளவு தூரம் போன முதல் ஆள். அது என் காசாலா, கொழுந்து பறிக்கும் அவள் அம்மாவின் பிடிவாதத்தாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். அவள் தமிழ்ப் பிள்ளை. நான் தமிழன். அவள் தமிழில் எழுதுகிறாள், எனக்கு ஆங்கிலத்தில் வருகிறது!

முன்பு தபாலில் வந்தபோது ஆங்கிலத் தாளுக்குப் பின்னால் அவள் எழுதிய தாளும் இருக்கும். 2021-ல் வந்தது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே வரி: என் அம்மா மகிழ்ச்சியாக இருக்கிறார். பின்னால் அவள் கையெழுத்தில்: "அம்மாவுக்கு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயாம். ஆனா பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிட்டாங்க. பெரட்டுக்குப் போகும்போது சிரிச்சாங்க, வரும்போது பேசல." பெரட்டு! தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பது, எங்கள் அம்மாவும் விடியலில் ஓடிய அதே பெரட்டு. மகளைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன்.

அடுத்த வருஷம் இலங்கையில் காகிதத்துக்கே தட்டுப்பாடு, மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகளைத் தள்ளிவைத்த நேரம். அவள் கடிதம் பாதிக் கொப்பித் தாளில் வந்தது. இரண்டு பக்கமும் எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தாள். தாளைத் திருப்பித் திருப்பித்தான் படித்தேன். இந்த எட்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய சந்தோஷம் அந்தத் தாள்தான்.

2023-ல் ஆப் வந்தது. வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன், நாலு மாதம் ஆனது இப்போது மூன்று வாரம். ஆனால் மூலத் தாள் கிடையாது. போன வாரம் வந்தது இதுதான்: அவள் நலம், அங்கே மழை, உங்கள் ஆதரவுக்கு நன்றி. பதினேழு வயதுப் பிள்ளை இப்படியா எழுதும்? மின்னஞ்சல் போட்டேன். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். சரிபாருங்கள், யார் வேண்டாம் என்றது? பார்த்துவிட்டு அனுப்புங்கள். மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகுதான் ஸ்கேன் வந்தது.

மச்சானிடம் சேராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். நல்ல வேலைதான் செய்கிறார்கள், இருந்தாலும் இரண்டுதான். நான் நிறுத்தப் போவதில்லை, அது வேறு கணக்கு.

ஸ்கேனில் மழைக்குக் கீழே, ஆங்கிலத்தில் வராத ஒரு கேள்வி இருந்தது: "உங்க ஊர்லயும் பெரட்டு இருக்கா, இல்ல எல்லாரும் டவுனுக்குப் போயிட்டாங்களா?" பதிலை நான் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அது விதி. எழுத உட்கார்ந்து பெரட்டு என்ற இடத்திலேயே நிற்கிறேன். மஸ்டர் என்று போடலாம் என்கிறாள் மகள்.