சிப்பான் அரச கல்லறைகள் அருங்காட்சியகம்: மேலிருந்து இறங்கிப் பார்க்க வேண்டிய தங்கம்

பெருவின் வடக்கே, சிக்லாயோ நகரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் லம்பாயேக்கே. அங்கே 2002-இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தை, இன்காக்களுக்கு முன்பே இங்கே வாழ்ந்த மோச்சே மக்களின் மண் பிரமிடு வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். சாய்தளத்தில் ஏறி உச்சியில் நுழைந்து, தளம் தளமாகக் கீழே இறங்க வேண்டும். 1987-இல் தொல்லியலாளர் வால்டர் ஆல்வாவின் குழு சிப்பான் மேட்டில் அடுக்கடுக்காக மண்ணை எடுத்து, ‘சிப்பான் மன்னன்’ எனப்படும் மோச்சே அரசனின் கல்லறைக்கு இறங்கியதும் இப்படித்தான். அரச அணிகளைக் காட்ட இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. எந்த நகை உடம்பில் எந்தப் பக்கம் கிடந்தது என்பதில்தான் பாதி அர்த்தம் இருக்கிறது.

நிலக்கடலை மாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 மணி தங்கம், 10 மணி வெள்ளி. ஒவ்வொன்றும் நிஜக் கடலையைவிடப் பல மடங்கு பெரிது. ஓட்டின் பள்ளங்கள் வரை தகட்டில் அடித்து எடுத்திருக்கிறார்கள். தங்க மணிகள் வலப்பக்கம், வெள்ளி மணிகள் இடப்பக்கம். வலம் சூரியனுக்கு, இடம் நிலவுக்கு என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். இடுப்பின் பின்னால் தொங்கவிடும் கத்தி வடிவத் தகட்டிலும் தங்கத்தில் ஒன்று, வெள்ளியில் ஒன்று. இதே மேட்டில் திருடர்கள் தோண்டியெடுத்த ஒரு பின்தகட்டை 1997-இல் பிலடெல்ஃபியாவில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கைப்பற்றியது. தகடு பெருவுக்குத் திரும்பிவிட்டது. அதன் அருகே என்ன இருந்தது, எந்தக் கோலத்தில் கிடந்தது என்ற தகவல் மட்டும் திரும்பவே போவதில்லை.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது பச்சை நீலக்கல் பதித்த காதுத் தோடுகளுக்கு. நடுவில் கட்டைவிரல் அளவில் ஒரு தங்க வீரன். கழுத்தில் ஆந்தைத் தலைகள் கோத்த மாலை, கையில் கதாயுதம். மூக்கில் தொங்கும் பிறைத்தகட்டைத் தனியே செய்து மாட்டியிருக்கிறார்கள். தலைப்பிறை (தலையில் அணியும் பிறை வடிவத் தகடு), மூக்குத்தகடு, தோடு, கதாயுதம் ஆகியவற்றைச் சிப்பான் மன்னன் எப்படித் தரித்தான் என்பதற்கு இந்தக் குட்டி வீரனே கையேடு. இதைப் பார்த்த பிறகு சுமார் 60 சென்டிமீட்டர் அகலத் தலைப்பிறையின் முன் நின்றால், அந்தக் கோலம் கண்முன் எழும். கீழே, சிப்பான் மன்னனுக்கு முந்தைய ‘முதிய மன்னன்’ கல்லறையின் சிலந்தி மாலையும் தவறவிடக் கூடாதது: 10 தங்க மணிகள், ஒவ்வொன்றிலும் வலைமேல் ஒரு சிலந்தி, அதன் முதுகில் மனித முகம். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால்தான் வலைக்கம்பிகளின் பற்றவைப்பு தெரியும்.

எல்லாமே கட்டித் தங்கம் என்று எண்ணிவிட வேண்டாம். மோச்சே கைவினையில் நிறைய பொருள்கள் செம்புத் தகட்டில் முலாம் ஏற்றியவை. அரிக்கும் உப்புகள் கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்து, சுத்தமான செம்பை அதில் முக்கினால் மெல்லிய தங்கத் தோல் படியும். பிறகு சூடேற்றி அதைப் பிடிக்க வைப்பார்கள். பண்டைய உலோகக் கலையை ஆராய்ந்த ஹீதர் லெக்ட்மன் சோதனை செய்து காட்டிய முறை இது. தோலின் கனம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுற்றுதான். புதைந்து கிடக்கும்போது அடியிலிருக்கும் செம்பில் பச்சைக் களிம்பு ஏறி, தங்கத்தைத் துளைத்து வெளியே வந்து மூடிவிடும். அவசரப்பட்டுச் சுரண்டினால் களிம்போடு தங்கமும் உரிந்துவிடும். சிப்பான் பொருள்கள் ஜெர்மனியின் மைன்ஸ் நகருக்குப் போய், பொறுமையாகச் சீரமைக்கப்பட்டு 1993-இல் திரும்பின. பச்சை படிந்த பொருளைக் கண்டு அதைத் தாழ்ந்த சரக்கு என்று கடந்துவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. கூடங்கள் மிக இருட்டு. விளக்கு பொருளின்மேல் மட்டும் விழுகிறது. தங்கம் ஜொலிக்கிறது, ஆனால் கருத்துப்போன வெள்ளியின் வேலைப்பாடு இருளில் அமுங்கிப்போகிறது. வலம் இடம் இரண்டும் சமம் என்று சொல்லும் நகைகளுக்கு இது அநியாயம். விளக்கப் பலகைகள் பெரும்பாலும் ஸ்பானிஷில்தான். அந்த மொழி தெரியாதவர்கள் வழிகாட்டி வைத்துக்கொள்வது நல்லது. பையை வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும், உள்ளே படம் எடுக்கலாமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும்.

முடிந்தால் முதலில் சிப்பான் மேடு இருக்கும் வாக்கா ரஹாதா தொல்லிடத்தைப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். அங்கே நகல் பொருள்களோடு கல்லறைக் குழியை அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்த ஆழம் மனதில் இருந்தால் இங்கே இறங்கும் ஒவ்வொரு தளமும் புரியும்.