டி.ஆர்.எக்ஸ். நிலையத்தில் லைன் மாறுவது: எதிர்ப் பக்கமா, வேறு தளமா?

துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் என்று முழுப் பெயரையும் சொல்வது ஒலிபெருக்கி மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் அது டி.ஆர்.எக்ஸ். கோலாலம்பூர் எம்.ஆர்.டி. இரயிலின் காஜாங் லைனும் புத்ராஜெயா லைனும் நிலத்தடியில் சந்திக்கும் நிலையம் இது. காஜாங் லைனுக்குப் பச்சை நிறம், எண் 9. புத்ராஜெயா லைனுக்கு மஞ்சள், எண் 12. பச்சை லைன் இங்கே ஓடத் தொடங்கியது 2017 ஜூலை 17-இல். மஞ்சள் வந்து சேர்ந்தது 2023 மார்ச் 16-இல். அதனால் நிலையம் பழையது, லைன் மாறும் பழக்கம் புதியது. இன்றும் நடைமேடை நடுவில் நின்று அண்ணாந்து பலகையைப் பார்ப்பவர்கள் குறையவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் அமைப்பு அல்ல. அமைப்பு நன்றாகவே யோசித்துக் கட்டியது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நடைமேடைத் தளங்கள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு பக்கம் பச்சை, எதிர்ப் பக்கம் மஞ்சள். ஒரு தளத்தில் நிற்பவை இரண்டுமே குவாசா டாமான்சாரா பக்கம் போகும். மற்றத் தளத்தில் ஒன்று காஜாங்குக்கு, இன்னொன்று புத்ராஜெயா சென்ட்ரலுக்கு. ஆகவே நீங்கள் வந்த திசையிலேயே தொடர்ந்து போகிறீர்கள் என்றால் இறங்கி, பத்துப் பதினைந்து அடி எடுத்து வைத்து, எதிர்ப் பக்கம் ஏறலாம். படியும் இல்லை, மின்படியும் இல்லை. வந்த வழியே திரும்புவதுபோல் போகிறீர்கள் என்றால் தளம் மாற வேண்டும்.

ஊர்ப் பெயரோடு சொன்னால் சுலபமாகப் புரியும். காஜாங்கிலிருந்து கோலாலம்பூர் மருத்துவமனைக்குப் போகிறவர் டி.ஆர்.எக்ஸ்.-இல் இறங்கி எதிர்ப் பக்கம் மஞ்சளில் ஏறினால் போதும். கோன்லே, பெர்சியாரான் கே.எல்.சி.சி., அம்பாங் பார்க், ராஜா ஊடா, ஐந்தாவது மருத்துவமனை. சுங்கை பெசியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகிறவர்களுக்கும் அதே தளம்தான்: பச்சையில் ஏறி நாலாவது நிலையமான முசியம் நெகாராவில் இறங்கி, நடைபாதை வழியாக கே.எல். சென்ட்ரல் போய்விடலாம். செந்தூல் பாராட்டிலிருந்து வந்து, ஐக்கியா கடைக்காக கொக்ரேன் போகிறவர்களுக்கும் எதிர்ப் பக்கம்தான், ஒரே ஒரு நிலையம்.

புக்கிட் பிந்தாங்கிலிருந்து அம்பாங் பார்க் போகிறவருக்கு இந்த வசதி இல்லை. காஜாங் போகும் தளத்தில் இறங்குவார், ஆனால் மஞ்சளில் குவாசா டாமான்சாரா பக்கம் போக வேண்டும். கொக்ரேனிலிருந்து சான் சவ் லின் போகிறவருக்கும் இதே கதை. மின்படியில் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம் தனி. பெரியவர்களை அழைத்துப் போகும்போது எதிர்ப் பக்கமா வேறு தளமா என்பதை வீட்டிலேயே பார்த்து வைத்துவிடுங்கள்.

சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. இரண்டு லைனுக்கும் வடக்கு முனை ஒன்றே: குவாசா டாமான்சாரா. அந்தத் தளத்தில் இடப் பக்கம் பார்த்தாலும் குவாசா டாமான்சாரா, வலப் பக்கம் பார்த்தாலும் குவாசா டாமான்சாரா. ஆனால் நிலையத்தைத் தாண்டியதும் ஒன்று புக்கிட் பிந்தாங், பசார் செனி என்று போகும். இன்னொன்று அம்பாங் பார்க், மருத்துவமனை என்று சுற்றும். கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் போய் நிற்கும் என்பதால் "எப்படியும் போகும்" என்று ஏறிவிடுகிறவர்கள் உண்டு. குவாசா டாமான்சாராவுக்கே போகிறவர்களுக்கு அது சரி. மற்றவர்கள் இந்தத் தளத்தில் கடைசி நிலையத்தின் பெயரைப் படிக்கவே வேண்டாம். நிறத்தையும் எண்ணையும் பாருங்கள். இன்னொரு தளத்தில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே முனைப் பெயர்கள் வேறு வேறு.

தவறாக ஏறிவிட்டால் உடனே இறங்கித் திரும்புவதுதான் எல்லாருக்கும் தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது. மஞ்சளுக்குப் பதில் பச்சையில் ஏறியவர் புக்கிட் பிந்தாங்கில் இறங்கி எதிர் இரயிலைப் பிடித்து டி.ஆர்.எக்ஸ். வந்தால், இறங்குவது காஜாங் போகும் தளத்தில். அங்கிருந்து மறுபடி தளம் மாற வேண்டும். அம்பாங் பார்க் போக வேண்டியவர் பசார் செனிக்குக் கிட்டே வந்த பிறகுதான் கவனித்தார் என்றால் திரும்பாமல் இருப்பதே மேல். பசார் செனியில் எல்.ஆர்.டி. என்ற இலகு இரயிலின் கிளானா ஜெயா லைனுக்கு மாறினால், மஸ்ஜித் ஜாமேக், கே.எல்.சி.சி. வழியாக அம்பாங் பார்க் ஐந்தாவது நிலையம். பசார் செனியில் டிக்கெட் கதவைத் தாண்டாமலே மாறலாம், ஆனால் நிலத்தடியிலிருந்து உயரத்திலிருக்கும் எல்.ஆர்.டி. வரை ஏற வேண்டும்.

அட்டையைத் தொடும் விஷயம். டி.ஆர்.எக்ஸ்.-இல் லைன் மாறும்போது எங்கேயும் தொட வேண்டியதில்லை, கட்டணம் ஏறிய இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும்தான். டோக்கன் வாங்கியவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். உள்ளே வரும்போது தொடுவது, வெளியே போகும்போது துளையில் போடுவது. முசியம் நெகாராவிலோ கதை வேறு: கே.எல். சென்ட்ரலுக்குப் போக வெளியே தொட்டு, நடந்து, மறுபடி உள்ளே தொட வேண்டும். புக்கிட் பிந்தாங்கில் மோனோரயிலுக்கு மாறும்போதும் அப்படித்தான். 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) 30 நாள் பயணிக்கும் மை50 பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். கே.டி.எம். புறநகர் இரயில் அதில் சேராது.

2023 நவம்பர் 29-இல் எக்ஸ்சேஞ்ச் டி.ஆர்.எக்ஸ். பேரங்காடி திறந்த பிறகு வார இறுதியில் கூட்டத்தின் குணமே மாறிவிட்டது. நிலையத்திலிருந்து மழையில் நனையாமல் நேரே உள்ளே போகலாம் என்பதால், குடும்பம் குடும்பமாக மின்படிப் பக்கம் குவிகிறார்கள். லைன் மட்டும் மாறுகிறவர்கள் இரயிலில் வரும்போதே மின்படியிலிருந்து விலகிய கதவருகே நிற்கலாம். தளம் மாறுகிறவர்கள் நேர் எதிராக, மின்படிக்குப் பக்கத்துக் கதவைப் பிடியுங்கள். வேலைநாள் காலையில் இரண்டு இரயிலும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், இரு பக்கக் கூட்டமும் நடைமேடை நடுவில் முட்டிக்கொள்ளும். அப்போது குறுக்கே ஓடுவது வீண் வேலை. இரண்டு லைனிலும் ஓட்டுநர் கிடையாது. கண்ணாடிக் கதவு மூடும்போது நீங்கள் கையை ஆட்டுவதைப் பார்த்துக் காத்திருக்க முன்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகிறவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம். மஞ்சளில் டி.ஆர்.எக்ஸ். வரை இறங்கி, தளம் மாறி, பச்சையில் மேலே ஏறுவது வீண் சுற்று. செந்தூல் கே.டி.எம். நிலையத்தில் ஏறினால் நேரே கே.எல். சென்ட்ரல். கே.டி.எம். எம்.ஆர்.டி. மாதிரி அடிக்கடி வராது, அட்டவணையைப் பார்த்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.