தொப்பி ஆர்டர்: துணி பிரமாதம், புள்ளியைத்தான் காணோம்

பள்ளி விளையாட்டு விழாவுக்கு 300 தொப்பி வேண்டும், நீங்கள் வாங்குகிற இடம் எப்படி என்று நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் வரவில்லை.

எங்கள் நடைப்பயிற்சிக் குழுவுக்குச் சில வருடங்களாகத் திருப்பூரில் ஒரே ஆளிடம்தான் ஆர்டர். ஆறு பேனல், அதாவது ஆறு துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த காட்டன் தொப்பி, முன்னால் எம்பிராய்டரி. துணியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதல் வருடத் தொப்பியை இன்னும் சிலர் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். உள்பட்டையை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன், சாயம் ஒட்டியதே இல்லை. பக்கிள், எண்ணிக்கை எல்லாம் சரியாக வரும்.

சரியாக வராதது புள்ளி.

'நடைப்பயிற்சிக் குழு' என்று ஒரே வரி. ஒவ்வொரு முறையும் சில தொப்பிகளில் 'ற்' தலையில் புள்ளி இருக்காது. மற்ற இரண்டு புள்ளிகளும் ஜம்மென்று இருக்கும். ஆறு பேனல் தொப்பியில் நெற்றிக்கு நேர் நடுவே ஒரு தையல் இறங்குகிறது. அங்கே துணி மடிந்து தடித்திருக்கும், அடியில் பக்ரம் என்ற விறைப்புத் துணி வேறு. அதன் ஓரத்தில்தான் 'ற்' வந்து உட்காருகிறது, ஊசி சறுக்கும். புள்ளியோ தனித் துண்டு. எழுத்தை முடித்து, நூலைத் தாண்டவிட்டு, நாலைந்து குத்தில் மிஷின் அதைப் போடுகிறது. தாண்டிய நூலைக் கத்தரிப்பவர் கொஞ்சம் ஒட்டி வெட்டினால் புள்ளியும் கூடவே வந்துவிடும். உற்றுப் பார்த்தால் ஊசி குத்திய துளைகள் மட்டும் தெரியும்.

"கண்ணுக்கே தெரியாது சார்" என்பார் திருப்பூர்க்காரர். மாற்றித் தர முணுமுணுத்ததில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மாற்றி வரும் பொட்டலத்திலும் ஒன்றிரண்டு இருக்கும்!

ஏற்றுமதிக்காரர்கள், சரக்கில் எத்தனையை எடுத்துச் சோதிப்பது என்று சொல்லும் ஐஎஸ்ஓ 2859 அட்டவணையைப் பார்ப்பார்கள். 281 முதல் 500 வரையான சரக்கு என்றால், வழக்கமான நிலையில் 50 எடுத்துப் பார்க்க வேண்டும், ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5-க்கு மூன்று பழுது வரை ஏற்கலாம், நான்கு என்றால் திருப்பி அனுப்பலாம். நமக்கு அது ஒத்துவராது. புள்ளியில்லாத தொப்பி குறி வைத்ததுபோல் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தலைக்குத்தான் போகும். அதனால் அத்தனையையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலிருந்தும் ஒன்றை எடுத்து வாசல் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பார்ப்பேன். வேறு வேறு சாயத் தொட்டியில் முக்கியெடுத்த துணி ட்யூப்லைட்டில் ஒன்றுபோல இருந்து, வெயிலில் மாட்டிக்கொள்ளும். இவரிடம் அந்தத் தொல்லை வந்ததில்லை.

சரி, துணிக்கு நூற்றுக்கு நூறு, விலை நியாயம், பேச்சு மரியாதை. நண்பரிடம் நான் சொன்ன பதில்: வேண்டாம். நேற்றுதான் புதுப் பெட்டி வந்தது, அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. கட்டாயம் அவரிடமே வாங்குவதென்றால் நடுத்தையல் இல்லாத ஐந்து பேனல் கேளுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், மாதிரி ஒன்று கைக்கு வந்தபிறகு மீதிக்குச் சரி சொல்லுங்கள். நண்பர் தொப்பியில் கேட்பது 'அரசு மேல்நிலைப் பள்ளி'. மூன்று புள்ளி. அதில் 'ல்' நடுத்தையலுக்குப் பக்கத்திலேயே வருகிறது.